அவ தலைமேல அடிச்ச சத்தியம்

மின்னிக்கினே இருக்கு. டி.வி. மேல வெச்சிருக்கிற அந்தச் சின்னப் பொட்டியில செவப்பு லைட்டு, யாரு பாக்குறது, யாரு பாக்குறதுன்னு கேட்டு மின்னிக்கினே இருக்கு. சொல்ல மாட்டேன் போடா. நீ கேட்டா நான் சொல்லிடணுமா? மணி ஆறு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு, இந்த ஹவுசிங் போர்டு மூணாவது மாடியில, வேற எந்தப் புருஷனாவது ஃபேன் ஓடியும் வேர்த்து ஊத்திக்கினு, பொண்டாட்டி அடி வாங்குறதப் பாக்க இப்பிடி உக்காந்திருப்பானா? இன்னும் ரெண்டு நிமிஷம். இந்த ஷாம்பு விளம்பரம் முடிஞ்சா பாக்ஸிங். நீலக் கார்னர்ல என் சுகிர்தா, அம்பத்தேழு கிலோ, புளியந்தோப்பு. செவப்புக் கார்னர்ல தூத்துக்குடி ஜான்சி. ஆறு ரவுண்டு, ரவுண்டுக்கு ரெண்டு நிமிஷம். பன்னெண்டு நிமிஷம்தான் எட்வினு, பன்னெண்டே நிமிஷம், பல்லக் கடிச்சுக்கோன்னு எனக்கு நானே சொல்லிக்கினு இருக்கேன். மத்தியானம் போட்ட சோறு அப்பிடியே தட்டுல கிடக்கு. அவ பன்னெண்டு மணிக்குக் கெளம்புறப்ப, "சாப்புடு, பயந்து சாவாத, தட்ட வந்து நானே கழுவிக்கிறேன்"னு சொல்லிட்டுப் போனா. பையத் தூக்கி மாட்டுறப்ப ஒரு தரம் செவுத்தப் புடிச்சா. செருப்பு மாட்டத்தான் புடிச்சான்னு நெனச்சேன். செருப்ப அதுக்கு முன்னாடியே மாட்டிட்டா. அதான் அப்பலேர்ந்து மனசுல மாட்டிக்கினு நிக்குது. செருப்பு கால்ல இருந்துச்சு, அப்பறம் எதுக்குச் செவுத்தப் புடிச்சா?

பொட்டி மின்னுது. மின்னட்டும். இந்தப் பொட்டி வந்து ஒண்ணரை வருஷம் ஆவுது. டையி கட்டின ஒரு தம்பி வந்து, எந்த சேனல எத்தினி பேரு பாக்குறாங்கன்னு கணக்கு எடுக்கிறோம், ஊரு பூரா கேக்க முடியாது, அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு சில வீடு எடுத்திருக்கோம், உங்க வீடு வந்திருக்குன்னு சொல்லி மாட்டிட்டுப் போச்சு. ரிமோட்டுல ஆளுக்கு ஒரு நம்பரு. ஒண்ணு நானு, ரெண்டு சுகி, மூணு என் மாமியார். டி.வி. போட்டா யாரு உக்காந்து பாக்குறாங்களோ அவங்க நம்பர அழுத்தணும், எழுந்து போனா திரும்ப அழுத்தணும். அழுத்தலைன்னா இப்பிடித்தான், மாமியா மாதிரி தொணதொணன்னு மின்னும். வெளிய யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொல்லிட்டு, வீட்டுல யாராச்சும் டி.வி. சம்பந்தமா வேலை செய்றீங்களான்னு கேட்டுச்சு. நான் எலக்ட்ரீஷியன்னு சொன்னேன். பொய்யி. நான் கேபிள்காரன். பதிமூணு வருஷமா மொட்டைமாடி மொட்டைமாடியா ஏறி ஒயர் இழுக்குறவன். இந்த ஏரியாவுல எந்த வீட்டுல எந்தச் சீரியல் ஓடுதுன்னு தெருவுல நடந்தாலே சொல்லுவேன். கேபிள்காரன்னா பொட்டி தர மாட்டாங்களோன்னு வாயில வந்தத சொல்லிட்டேன், வேற ஒண்ணும் இல்ல, ஒரு பெருமைதான். ஆயிரம் பேருக்கு நான் ஒருத்தன் பதில் சொல்ற மாதிரி. அப்ப சுகி டி.வி.யில வருவான்னு யாரு கண்டா? அவ ஜிம்முல பொம்பளைங்களுக்குக் குத்துப் பழக்கிக்கினு, ஜில்லா போட்டி, ஸ்டேட் போட்டின்னு போய்க்கினு இருந்தா. அப்பத்தான் சூறை ஸ்போர்ட்ஸ்னு இந்தப் புது சேனல் வந்து, பொம்பளைங்க பாக்ஸிங் லீக்னு ஒண்ணு ஆரம்பிச்சு, எங்க குடும்பத்த ரிங்குக்குள்ள இழுத்துக்கினு போச்சு.

மணி அடிச்சுட்டான். மொதல் ரவுண்டு. அய்யோ ஆண்டவரே. மூலையில "நேரலை"ன்னு செவப்பு எழுத்து. சுகி கைய உசத்திக்கினு வரா. நல்லாத்தான் இருக்கா, கால் நல்லாத்தான் போவுது, பாரு, எடது கால் முன்னால, வலது பின்னால, எல்லாம் நேராத்தான் போவுது, நான்தான் பேய் புடிச்சவன் மாதிரி பயந்து சாவுறேன். அந்தக் கமெண்டரி சொல்றவன் இருக்கான் பாரு, "புளியந்தோப்பின் புயல்"ன்றான். புயலாம். புயலுக்கு முந்தாநேத்து ராத்திரி தலைய உசத்த முடியல, தலகாணிய முகத்துல அமுக்கிக்கினு கெடந்துச்சு, அது தெரியுமாடா உனக்கு? எனக்கு மட்டுந்தான் தெரியும். உலகத்துலயே எனக்கு மட்டுந்தான். மூணு வாரம் முன்னாடி ஒரு புதங்கெழம, பிராக்டீஸ்ல ஒரு ஆம்பளப் பையன் கூட மோதிட்டு வந்தா. அவன் வலது கை அவ காது மேல விழுந்துச்சாம். சிரிச்சுக்கினுதான் சொன்னா. அப்பறம் பாத்ரூம்ல போய் வாந்தி எடுத்தா. அப்பறம் அடுப்பு கிட்ட போய் நின்னா. கேஸ் நாத்தம் வருதேன்னு நான் ஓடிப் போய்ப் பாக்குறேன், அடுப்பத் தொறந்து வெச்சுட்டு, பத்த வெக்காம, லைட்டர கையில புடிச்சுக்கினு சும்மா நிக்கிறா. லைட்டர பாக்குறா. இது இன்னாத்துக்குன்னு கேக்குற மாதிரி பாக்குறா. நான் கேஸ மூடி, ஜன்னலத் தொறந்து, அவளக் கட்டிலுக்கு இழுத்துக்கினு வந்தேன். ஒரு அரை மணி நேரத்துல சரியாயிட்டா. "இன்னாப்பா இப்பிடிப் பாக்குற, பேயா நானு?"ன்னு கிண்டல் வேற. விடிஞ்சதும் வா, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலைய ஸ்கேன் எடுப்போம், உனக்குக் குத்துப் பழக்குற மாஸ்டர் கிட்ட சொல்லிடுவோம்னு சொன்னேன். அப்பத்தான் என் கையப் புடிச்சு இழுத்துத் தன் தலை மேல வெச்சுக்கினா. "நீ சொல்லிட்டா என்ன லீக்லேர்ந்து தூக்கிடுவாங்க. இப்ப விட்டா எனக்கு வேற சான்ஸ் கெடையாது, இருபத்தொம்பது வயசாவுது எனக்கு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு." பண்ணிட்டேன். முடி ஈரமா இருந்துச்சு. அடியில சூடா இருந்துச்சு. அந்தத் தலையத்தான் இப்ப தூத்துக்குடிக்காரி தேடித் தேடி அடிக்கிறா.

விட்டாங்க. மொதல் ரவுண்டு போச்சு. பெருசா ஒண்ணும் விழல. உசுரு போய் உசுரு வந்துச்சு. விளம்பரம். டூத்பேஸ்டு, வேட்டி, வெளிநாட்டுப் படிப்பு, திரும்ப டூத்பேஸ்டு. இன்னாய்யா இது, ரவுண்டுக்கு நடுவுல ஒரு நிமிஷம்தானே? கடியாரத்தப் பாக்குறேன், ரெண்டு நிமிஷம் தாண்டுது. அவளுங்கள ஸ்டூல்ல உக்கார வெச்சுட்டு டூத்பேஸ்டு ஓட்டுறானுங்க. ஆமா, ஓட்டாம இன்னா பண்ணுவான், சேனலே மூச்சு வாங்குது. பஸ்ட்டு வாரம் நம்பரு நல்லா இருந்துச்சாம், ராத்திரி ஒம்போது மணிக்குப் போட்டான். அந்த நேரத்துல பெரிய சீரியல் ஒண்ணு கல்யாணத்துல வந்து நின்னுச்சு, நம்பர் போச்சு. எட்டு மணிக்கு மாத்தினான், கிரிக்கெட் வந்துச்சு. இப்ப ஞாயிறு ஆறு மணி. பழைய கபடி மேட்ச போட்டாலே இத விட ஜாஸ்தி பாக்குறாங்கன்னு சேனல் மேடம் மாஸ்டர் கிட்டயே சொல்லியிருக்கு. எங்க ஏரியாவுல நாநூறு கனெக்‌ஷன், அதுல இந்தச் சேனல வேணும்னு கேட்டு வாங்கினவங்க ஒம்போது பேரு. ஒம்போதுல ரெண்டு பேரு எங்க சொந்தக்காரங்க. போன வாரம் மேடம் எல்லாப் பொண்ணுங்களையும் நிக்க வெச்சு, இந்த ஞாயிறு நம்பர் வரலைன்னா லீக்க ஊத்தி மூடிடுவோம்னு சொல்லிடுச்சு. சுகி வந்து சொல்லிட்டு அழுதா. நான் பாத்ரூமுக்குள்ள போய்க் கதவ சாத்திக்கினு சந்தோஷப்பட்டேன். சத்தியமா சந்தோஷப்பட்டேன். ஏசுவே, நம்பர் வராம இருக்கட்டும், ஒருத்தனும் பாக்காம இருக்கட்டும், எல்லாரும் கபடி பாக்கட்டும்னு வேண்டிக்கினேன். பொண்டாட்டி கனவு மண்ணாப் போகணும்னு ஜெபம் பண்ற புருஷன் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

ரெண்டாவது ரவுண்டு. குனியுறா, நல்லா குனியுறா, அப்பிடித்தான், அடி வாங்காத, நீ அடிக்கவும் வேணாம், சுத்திக்கினே இரு தாயி. ஜான்சி பெருசா இருக்கா, கை நீளம். அம்பத்தேழு கிலோவாம், எந்தத் தராசுல போட்டானுங்களோ. டாக்டர் ஒருத்தர் ரிங்குக்குப் பக்கத்துல உக்காந்திருக்காரு, கேமரா அவர ஒரு தரம் காட்டுச்சு, போன் நோண்டிக்கினு இருக்காரு. அவருதான் சண்டைக்கு முன்னாடி செக்கப் பண்ணியிருப்பாரு. செக்கப்புன்னா இன்னா, கண்ணுல டார்ச் அடிப்பாங்க, தலை வலிக்குதா, மயக்கம் வருதா, வாந்தி வந்துச்சான்னு ஒரு பேப்பர்ல இருக்கும், எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் போடணும். டிக் போட்டு ஒத்திகை பாத்தா என் எதுருல, இந்தக் கட்டில்லயே உக்காந்துக்கினு. "வெரல் எத்தினின்னு கேப்பாரு, எப்பவும் ரெண்டுதான் காட்டுவாரு, எனக்கு மூணா தெரிஞ்சாலும் ரெண்டுன்னு சொல்லிடுவேன்"னு சிரிச்சா. மூணா தெரியுதாடின்னு கேட்டேன். ரிமோட்ட எடுத்து டி.வி. போட்டா. அன்னைக்கு நான் ஓங்கி ஒண்ணு சொல்லியிருக்கணும். என் வாய்க்கு இன்னா வந்துச்சு? தெருவுல கேபிள் கட்டாச்சுன்னா எங்க ஓனரயே எடுத்தெறிஞ்சு பேசுறவன் நானு. இவ கிட்ட மட்டும் நாக்கு மேல ஒட்டிக்கும். அவ ஜிம்முக்கு மொத மொதல்ல ஒயர் இழுக்கப் போனப்பவும் அப்பிடித்தான். ஏணியில நிக்கிறேன், கீழ ஒரு பொண்ணு தொங்குற மணல் மூட்டையப் போட்டு அந்தக் குத்து குத்துது, ஏணி ஆடுது. "அண்ணே, பயமா இருந்தா எறங்கிடுங்க"ன்னு சொன்னா. எறங்கிட்டேன். அன்னைலேர்ந்து எறங்கித்தான் நிக்கிறேன்.

திரும்ப டூத்பேஸ்டு. மாஸ்டருக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். பொண்ணுங்க போன், கார்னர்ல நிக்கிறவங்க போன் எல்லாத்தையும் ஒரு துணிப் பையில வாங்கிக் கட்டி வெச்சுடுவாங்க, முடிஞ்சப்பறந்தான் தருவாங்க. சூதாட்டம் ஆடுறவனுங்களுக்காகன்னு சுகி சொன்னா. எதுக்குப் போன் போட்டேன்? போட்டு இன்னா சொல்லப் போறேன்? சத்தியம் பண்ணியிருக்கேனே. சர்ச்சுக்குப் போறவன்தான் நானு, சத்தியமே பண்ணக் கூடாதுன்னு ஃபாதர் சொல்லிக் கேட்டவன்தான். ஆனா சின்ன வயசுலேர்ந்து உள்ள ஊறிப் போச்சே, ஒருத்தர் தலைல அடிச்சு சத்தியம் பண்ணி அத மீறினா அந்தத் தலைக்குத்தான் ஆவும்னு. சொன்னா அவ தலைக்கு ஆவும். சொல்லலைன்னாலும் அவ தலைக்குத்தான் ஆவும். எங்க போனாலும் அந்தத் தலைலதான் வந்து முட்டுது. நான் இன்னா பண்ணட்டும்? இதுல இன்னொண்ணு வேற இருக்கு, அத நெனச்சா எனக்கே கூசுது. பஸ்ட்டு மூணு வாரம் லீக் வந்தப்ப, அவ டி.வி.யில வந்துட்டான்ற ஜோருல, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எல்லா நம்பரையும் அழுத்திட்டேன். மாமியார் இப்ப மாதிரியே அப்பவும் திருத்தணியிலதான் இருந்தாங்க. சுகி ரிங்குல இருந்தா. ரிங்குல குத்து வாங்கிக்கினு இருக்கிறவ, வீட்டுல உக்காந்து தன்னத் தானே பாக்குறதா பதிவாயிருக்கும். அந்தப் பாழாப்போன நம்பர நாந்தான் ஏத்தி விட்டேன். நான் ஏத்தலைன்னா ஒருவேள மூணாவது வாரமே ஊத்தி மூடியிருப்பான். அந்தப் பையன் குத்து அவ காது மேல விழுந்திருக்காது. அதான் இன்னைக்கு அழுத்தல. செத்தாலும் அழுத்த மாட்டேன். நான் பாக்கவே இல்லைன்னு வெச்சுக்கோ.

மூணாவது ரவுண்டு. பாட்டு சேனலுக்கு மாத்திடலாமான்னு கை போச்சு. மாத்தினா பொட்டியும் பாட்டுன்னு எழுதிக்கும், ஆயிரம் பேரு பாட்டுக்குப் போயிட்டாங்கன்னு ஆவும், லீக் சாவும். மாத்திடேன்டா எட்வினு. முடியலையே. மாத்திட்டா அவள யாரு பாத்துக்குவா? நான் கண்ணெடுத்தா விழுந்துடுவா மாதிரி இருக்கு. பைத்தியக்காரத்தனம், தெரியுது. இங்க உக்காந்து பாக்குறதால இன்னா ஆவப் போவுது? ஆனாலும் கண்ண எடுக்க முடியல. இதோ, இதோ, கைய எறக்குறா. எடது கை எறங்குது சுகி. தூக்கு. தூக்குடி. அய்யோ. அய்யோ! விழுந்துச்சு. காது மேலயே விழுந்துச்சு, அதே காது. அவ விழல, நின்னுக்கினுதான் இருக்கா, ஆனா நிக்கிறது அவ நிக்கிற மாதிரி இல்ல. பஸ்ஸுல கம்பியப் புடிச்சுக்கினு நிக்கிற மாதிரி நிக்கிறா. ரெஃப்ரி கிட்ட போனாரு, எட்டு வரைக்கும் எண்ணினாரு, மூஞ்சப் பாத்தாரு, இவ தலைய ஆட்டினா, கிளவுஸ உசத்திக் காட்டினா, சண்ட போடுன்னு விட்டுட்டாரு. விட்டுட்டாரேய்யா! நடிக்கிறாய்யா அவ! அவ தலைய ஆட்டுவா, அவ எல்லாத்துக்கும் தலைய ஆட்டுவா, எனக்குத் தெரியும் அந்தத் தலையாட்டல், அது பொய்யி. கமெண்டரிக்காரன் குரல் உசந்துருச்சு, "இதுதான் ஆட்டம், இதுதான் ஆட்டம், யாரும் சேனலை மாத்திடாதீங்க"ன்னு கத்துறான். அந்தக் குத்த திரும்பக் காட்டுறான். மெதுவா காட்டுறான். கன்னம் எப்பிடி நெளியுது, பல்லுல வெச்சிருக்கிற ரப்பர் எப்பிடி வெளிய வருது, கண்ணு எப்பிடி ஒரு நிமிஷம் யாருமில்லாத வீடு மாதிரி ஆவுதுன்னு மெதுவா, இன்னொரு பக்கத்துலேர்ந்து, இன்னொரு தரம். நான் கத்திட்டேன். என்ன கத்தினேன்னு தெரியல, பக்கத்து வீட்டுல குக்கர் சத்தம் நின்னு, "இன்னாச்சு எட்வினு?"ன்னு ஒரு குரல் வந்துச்சு. ஒண்ணுமில்லக்கா, மேட்ச்சுன்னு சொன்னேன். கிரிக்கெட்டுன்னு நெனச்சுக்கினாங்க.

விளம்பரம். நாலு நிமிஷம் ஆச்சு, இன்னும் விளம்பரம். அந்தக் குத்துக்கப்பறம் ஒக்காந்திருக்கிறவள நாலு நிமிஷமாவா காக்க வெப்பாங்க? ஒருவேள நிறுத்திட்டாங்களா? டாக்டர் ஏறிட்டாரா? ஸ்ட்ரெச்சர் வந்துருச்சா, அதக் காட்டக் கூடாதுன்னுதான் டூத்பேஸ்டு ஓட்டுறானுங்களா? ஆமா. அதான். செத்தா காட்ட மாட்டாங்க. செத்தான்னு நெனச்சேனே, என் வாயில புண்ணு வர, ஏன் அப்பிடி நெனச்சேன்? நெஞ்சு கடகடன்னு அடிக்குது. போன எடுத்து மாஸ்டர் பேர அழுத்துறேன். சத்தியம் கித்தியம் எல்லாம் அப்பறம். என் தலைக்கு வரட்டும். கர்த்தரே, மாத்திக்கோ, அவ தலைல அடிச்சத என் தலைல எழுதிக்கோ, என்னாவது வரட்டும் எனக்கு. நான் சொல்லிடுறேன். டவல ரிங்குல போட்டு சண்டைய நிறுத்தச் சொல்லிடுறேன். அவ என்ன விட்டுட்டுப் போனாலும் பரவால்ல, ஜென்மத்துக்கும் பேசலைன்னாலும் பரவால்ல, உசுரோட எங்கயாச்சும் இருந்து பேசாம இருக்கட்டும். சுவிட்ச் ஆஃப். திரும்பப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். டி.வி.யில நாலாவது ரவுண்டு மணி அடிச்சுது. அவ எழுந்து வரா. உசுரோட இருக்கா. ஆனா அந்த நடை. சாமி, அந்த நடையப் பாரேன். திரும்பப் போட்டேன்.

ரிங் போச்சு.

"சொல்றா எட்வினு." தணிகை மாஸ்டர் குரலு. பின்னால ஹாரன் சத்தம், பஸ் சத்தம்.

"மாஸ்டர், டவல் போடுங்க, உங்க கால்ல விழுறேன் டவல் போடுங்க, அவளுக்குத் தலைல அடி, மூணு வாரமா வாந்தி எடுக்குறா, மறைச்சுட்டா, நானும் மறைச்சுட்டேன் மாஸ்டர், இப்ப நிறுத்துங்க, இந்த ரவுண்டுலயே நிறுத்துங்க..."

"டேய். டேய். எந்த ரவுண்டுடா?"

"நாலாவது. இதோ ஓடுதே."

வண்டிய ஓரங்கட்டுற சத்தம் கேட்டுச்சு.

"அது முடிஞ்சு ரெண்டு மணி நேரம் ஆவப் போவுதுடா. இன்னைக்கு நாலு மணிக்கே சண்டைய வெச்சுட்டாங்க. விளம்பரம் ஜாஸ்தி சொருவணுமாம், அதுக்குப் படம் புடிச்சு வெச்சு, ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடுறாங்க. ரிசல்ட் வெளிய போவக் கூடாதுன்னு போன கெளம்புறப்பத்தான் குடுத்தாங்க, இப்பத்தான் ஆன் பண்றேன். உனக்குத் தெரியாதா, கேபிள்காரன் தானே நீ? அவள இப்பத்தான் உங்க பிளாக் கீழ எறக்கி விட்டுட்டு வரேன். படி ஏறிக்கினு இருப்பா." அப்பறம் குரல் மாறிடுச்சு. "வாந்தி எடுத்தாளா? மூணு வாரமா? ஏண்டா பாவி சொல்லல? வண்டியில ஒரு வார்த்த பேசல அவ. களைப்புன்னு நெனச்சேன்டா."

"யாரு மாஸ்டர் ஜெயிச்சா?" அத ஏன் கேட்டேன்னு எனக்கே தெரியல.

"அவளே சொல்லுவா. நீ மொதல்ல அவளப் புடி. நான் வண்டியத் திருப்புறேன்."

நாலரைக்குள்ளயே முடிஞ்சுருச்சு. நான் சோத்துத் தட்டப் பாத்துக்கினு, ஆறு மணி ஆவுலியேன்னு இந்தக் கட்டில்ல பொரண்டுக்கினு இருந்தப்பவே எல்லாம் நடந்து முடிஞ்சுருச்சு. அந்தக் குத்து அப்பவே விழுந்தாச்சு. நான் இப்ப கத்தினது, வேண்டினது, மாத்திக்கோ மாத்திக்கோன்னு பேரம் பேசினது எல்லாம் ஆறிப் போன அடிக்கு. ஒரு நிமிஷத்துக்கு மேல விளம்பரம் ஓடுறப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பதிமூணு வருஷம் கேபிள் இழுத்தவன்டா நீ, தள்ளிப் போடுற சண்டைய நேரலைன்னு நம்பிட்டியே. படியில காலடி கேக்குது. மெதுவா கேக்குது. ஒரு படி, நிக்குது, ஒரு படி. நான் எழுந்திரிக்கணும். வந்துட்டாளே, சந்தோஷமா ஓடிப் போய்க் கதவத் தொறக்க வேண்டியதுதானே? பயமா இருக்கு. டி.வி.யில அவ குத்து வாங்குறத விட, கதவத் தொறந்துக்கினு வரப்போற அவளப் பாக்க பயமா இருக்கு.

வந்தா. எடது கண்ணு பாதி மூடியிருக்கு. காது சிவந்து கெடக்கு. பைய வாசல்லயே போட்டா. என்னப் பாத்து ஒரு சிரிப்பு, அவளோட சிரிப்புதான், அதப் பாத்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "தள்ளு"ன்னு சொல்லி என் பக்கத்துல கட்டில்ல உக்காந்தா. டி.வி.யப் பாத்தா. அங்க அவ ஜான்சி வயித்துல ரெண்டு குத்து விட்டா. இங்க இவ குனிஞ்சு, கவனமா, யாரோ வெளியூர்க்காரி சண்டைய முதல் தடவ பாக்குற மாதிரி பாக்குறா.

"சூப்பரா போட்டேன்ல?"

"ம்."

"அடுத்து இன்னா பண்றேன்னு பாரு"ன்னு சொல்லிட்டு, அவளே பாத்துக்கினு இருந்தா. அடுத்து அவ கயித்துல போய்ச் சாஞ்சா, ஜான்சி மேல வந்து விழுந்தா. இவ பக்கத்துல உக்காந்து "ஐயோ"ன்னா. நெஜமா பதறி "ஐயோ"ன்னா. என் கையப் புடிச்சா. ஐஸ் மாதிரி இருந்துச்சு கை. அப்பறம், டி.வி.யிலேர்ந்து கண்ண எடுக்காமயே, மெதுவா, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுடக் கூடாதுன்ற மாதிரி கேட்டா.

"ஏம்ப்பா, நான் ஜெயிச்சேனா? எல்லாரும் வந்து கை குடுத்தாங்க. ஜெயிச்சதுக்குக் குடுத்தாங்களா தோத்ததுக்குக் குடுத்தாங்களான்னு தெரியல. மாஸ்டர் கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு."

நான் அவள எப்பிடிப் பாத்தேன்னு எனக்குத் தெரியாது. எனக்கும் தெரியலடி, உன் சண்ட இன்னும் முடியல, இன்னும் ரெண்டு ரவுண்டு டூத்பேஸ்டுக்கு நடுவுல பாக்கி இருக்குன்னு எப்பிடிச் சொல்லுவேன்? முடிவு வர வரைக்கும் அவ எழுந்திரிக்க மாட்டா. அவள எனக்குத் தெரியும், கையக் கால கட்டி இழுத்தாலும் எழுந்திரிக்க மாட்டா.

"ஜெயிச்சுட்ட"ன்னு சொன்னேன். "ஜெயிச்சுட்ட சுகி, மாஸ்டர் இப்பத்தான் போன்ல சொன்னாரு. வா, கெளம்பலாம்."

ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கினா. பொத்துன கைக்குள்ள சிரிக்கிறா, அழுவுறா, எனக்குத் தெரியும் எனக்குத் தெரியும்ன்றா, என் கழுத்தக் கட்டிக்கினு ஆடுறா. நான் அப்பிடியே அவளத் தூக்கி நிறுத்தி, செருப்ப மாட்டி விட்டு, கதவ சாத்தாமயே வெளிய கூட்டிக்கினு வந்தேன். ரெண்டாவது மாடி திரும்புறப்ப நின்னுட்டா. படியப் பாத்தா, என்னப் பாத்தா.

"எங்கப்பா போறோம்?"

"ஆஸ்பத்திரிக்கு."

"யாருக்கு இன்னா?"

அவ கண்ணுல ஒரே கவலை, நெஜமான கவலை, என் மூஞ்சியையே தேடிப் பாக்குறா.

"எனக்குத்தான்டி"ன்னு சொன்னேன். "நெஞ்சு படபடன்னு அடிக்குது. ரொம்ப பயமா இருக்கு. நீ கூட வா."

"அட, சொல்லக் கூடாதா இத்தினி நேரம்?"ன்னு என்னத் திட்டினா. என் கைய எடுத்துத் தன் தோள் மேல போட்டுக்கினு, "பயப்படாதப்பா, நான் இருக்கேன்ல"ன்னு சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு படியா என்ன எறக்கிக் கூட்டிக்கினு போனா.